க்ராலர் எந்த லிங்க்கில் போகக் கூடாது? நோஃபாலோவும் ரோபாட்ஸ் கோப்பும் எங்கே உதவும், எங்கே கைவிடும்

"இந்த லிங்க்கில் கூகுள் போகக் கூடாது, என்ன செய்யணும்?" என்று யாராவது கேட்டால், பதிலுக்கு முன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எதற்காகப் போகக் கூடாது? காசு வாங்கிப் போட்ட விளம்பர லிங்க்குக்கு உங்கள் தளத்தின் செல்வாக்கு போய்ச் சேரக் கூடாது என்பது ஒரு காரணம். நிறம், விலை என்று வடிகட்டிக் காட்டும் ஃபில்டர் பக்கங்களில் பாட் (பக்கங்களைத் தானாகத் திறந்து படிக்கும் தேடுபொறி நிரல்; க்ராலர் என்பதும் இதுதான்) லட்சக்கணக்கில் மேய்ந்து சர்வரைத் திணறடிக்கிறது என்பது வேறு காரணம். அந்தப் பக்கம் தேடல் முடிவில் தெரியக் கூடாது என்பது மூன்றாவது. பாட் வந்து லிங்க்கைத் தொட்டாலே கூடையில் பொருள் ஏறிவிடுகிறது, பதிவு அழிந்துவிடுகிறது என்பது நான்காவது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. தளங்களில் காணும் குளறுபடியில் பெரும்பங்கு, முதல் நோயின் மருந்தை மற்ற மூன்றுக்கும் கொடுப்பதால் வருவதுதான்.

கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்புப்படி தந்திருக்கிறேன். கோப்பிலும் நிரலிலும் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். இருநூறு முந்நூறு பக்கம் கொண்ட தளம், ஃபில்டர் இல்லை, நாட்காட்டி இல்லை என்றால் இதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. க்ரால் பட்ஜெட்டைப் (ஒரு தளத்தில் பாட் எத்தனை பக்கம் திறந்து படிக்கும் என்ற வரம்பு) பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் என்று கூகுள் முக்கியமாகக் குறிப்பிடுவது, பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்கள் கொண்டு வாரம் ஒருமுறையாவது மாறும் தளங்களையும், பத்தாயிரத்துக்கு மேல் பக்கங்கள் கொண்டு தினமும் மாறும் தளங்களையும்தான். ஆனால் சின்னத் தளம்கூட ஒரு மோசமான ஃபில்டர் பட்டையால் ஒரே நாளில் பத்து லட்சம் முகவரி கொண்ட தளமாகிவிடும். அந்தக் கணக்கு பின்னால் வருகிறது.

நோஃபாலோ செய்வது என்ன

2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. அன்றைய தலைவலி, வலைப்பதிவுகளின் பின்னூட்டப் பகுதியில் மருந்துக்கடை, சூதாட்ட லிங்க்குகளைக் கொட்டிவிட்டுப் போகும் ஸ்பாம். லிங்க்கின் ஏ டேக்கில் ரெல்="நோஃபாலோ" என்று போட்டுவிட்டால், அந்த லிங்க்கைத் தேடுபொறி தரவரிசைக் கணக்கில் சேர்க்காது. "இந்தத் தளத்துக்கு நான் சிபாரிசு செய்யவில்லை" என்ற அறிவிப்பு அது. 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி லிங்க்குகள் எல்லாவற்றுக்கும் இதைப் போட்டது, ஸ்பாம் போடுபவர்களுக்கு அங்கே லாபம் இல்லாமல் போகட்டும் என்பதற்காக.

பெயரைப் பார்த்து "பாட் அந்த லிங்க்கில் போகாது" என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கூகுள் தொடக்கத்தில் இதைக் கட்டளையாக மதித்தது. 2019 செப்டம்பரில் மாற்றி அறிவித்தார்கள்: நோஃபாலோ இனி ஒரு குறிப்பு மட்டுமே, எடுத்துக்கொள்வதும் விடுவதும் கூகுளின் விருப்பம். 2020 மார்ச் 1 முதல் க்ராலிங் (பக்கத்தைத் திறந்து படிப்பது), இண்டெக்ஸிங் (தேடல் பட்டியலில் சேர்ப்பது) இரண்டுக்கும் இதுவே நடைமுறை. அது கட்டளையாக இருந்த காலத்திலும் மறித்தது அந்த ஒரு லிங்க்கை மட்டும்தான். அதே முகவரிக்கு வேறு பக்கத்திலிருந்து சாதாரண லிங்க் இருந்தால், சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியல் கோப்பு) இருந்தால், வெளித்தளம் எதுவும் இணைத்திருந்தால், பாட் அந்த வழியே வந்து சேரும். லாகின் பக்கத்துக்கான மெனு லிங்க்கில் நோஃபாலோ போட்டுவிட்டு, பிறகு சர்வர் லாகில் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவு) கூகுள்பாட் லாகின் பக்கத்தைக் கேட்டிருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம்.

2019இல் நோஃபாலோவோடு இரண்டு புதிய மதிப்புகளும் வந்தன. காசு, இலவசப் பொருள், கமிஷன் என எந்தப் பிரதிபலனுக்காக இட்ட லிங்க்காக இருந்தாலும் ரெல்="ஸ்பான்சர்ட்". வாசகர்கள் பின்னூட்டத்தில் தாமாக இடும் லிங்க்குகளுக்கு ரெல்="யூஜிசி". ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளைச் சேர்த்தும் போடலாம்; நடுவில் ஓர் இடைவெளி விட்டால் போதும்: ரெல்="யூஜிசி நோஃபாலோ". முன்பே நோஃபாலோ போட்ட பழைய விளம்பர லிங்க்குகளைத் தேடிப்போய் மாற்ற வேண்டிய அவசியமில்லை, அதுவும் செல்லும். எதையும் போடாமல் விற்ற லிங்க்தான் ஆபத்து. லிங்க் ஸ்பாம் விதிமீறலாகக் கொண்டு கூகுள் கைமுறை நடவடிக்கை (ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) எடுக்கலாம். வேர்ட்பிரஸில் பின்னூட்ட லிங்க்குகளுக்கு நோஃபாலோ பழைய காலத்திலிருந்தே தானாக விழுகிறது, 5.3 பதிப்பிலிருந்து யூஜிசியும் சேர்ந்துகொண்டது. ஆகவே அதற்கென்று தனி ப்ளக்இன் வேண்டாம்.

வெளியே போகும் லிங்க் எல்லாவற்றுக்கும் மொத்தமாக நோஃபாலோ போடும் ப்ளக்இன்கள் உண்டு. "நம்ம ஜூஸ் வெளியே போகக் கூடாது" என்ற கஞ்சத்தனம் அது; லிங்க் வழியே போகும் தரவரிசை மதிப்பைத்தான் ஜூஸ் என்கிறார்கள். அதனால் உள்பக்கங்களுக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஒரு பக்கத்தில் பத்து லிங்க் இருந்து ஐந்துக்கு நோஃபாலோ போட்டால், மிச்ச ஐந்தும் முழு மதிப்பையும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பேஜ்ரேங்க் ஸ்கல்ப்டிங் என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். 2009இல் கூகுளின் மேட் கட்ஸ் விளக்கிவிட்டார்: மதிப்பு பத்தாகவே வகுபடும், நோஃபாலோ போட்ட ஐந்து பங்கும் யாருக்கும் இல்லாமல் ஆவியாகிவிடும். அந்த மாற்றம் அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆண்டுக்கணக்காகியும் இந்த உத்தியைச் சொல்லிக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பக்கம் முழுவதுக்கும் ஒரே அடியாகச் சொல்ல மெட்டா ரோபாட்ஸ் டேக் இருக்கிறது: ஹெட் பகுதியில் மெட்டா நேம்="ரோபாட்ஸ்" கன்டென்ட்="நோஃபாலோ". அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா லிங்க்குக்கும் இது பொருந்தும், உங்கள் சொந்த மெனு உட்பட. அந்தப் பக்கம் இண்டெக்ஸ் ஆவதை இது தடுக்காது. அதற்கு நோஇண்டெக்ஸ் தனியாக வேண்டும். இரண்டும் வேண்டுமானால் "நோஇண்டெக்ஸ், நோஃபாலோ" அல்லது சுருக்கமாக "நன்". பிடிஎஃப் கோப்புகளில் மெட்டா டேக் போட இடமில்லை, ஆனால் அவற்றுக்குள் இருக்கும் லிங்க்குகளையும் கூகுள் படிக்கும். அங்கே சர்வர் அனுப்பும் ஹெடரில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற வரியைச் சேர்க்க வேண்டும். என்ஜின்எக்ஸில் பிடிஎஃப் நீட்டிப்புக்கு ஒரு லொகேஷன் பிளாக் எழுதி, அதனுள் ஆட்_ஹெடர் வரியாக இதைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அப்பாச்சியில் ஃபைல்ஸ்மேட்ச் பிளாக்கினுள் ஹெடர் செட். அதற்கு ஹெடர்ஸ் மாட்யூல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தளமே 500 (சர்வர் பிழை) காட்டும்.

சொந்தத் தளத்தின் உள்ளே: ரோபாட்ஸ் கோப்பு

உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பகுதிக்குப் பாட் போகக் கூடாது என்றால் நோஃபாலோவை நம்பாதீர்கள். கூகுளின் வழிகாட்டியே உள் லிங்க்குகளுக்கு ரோபாட்ஸ் கோப்பில் (தளத்தின் தொடக்க அடைவில் வைக்கும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி) டிஸ்அலோ, அதாவது "இங்கே போகாதே" என்ற வரியைப் போடச் சொல்கிறது. மார்ட்டின் கோஸ்டர் 1994இல் முன்வைத்த எளிய ஏற்பாடு இந்தக் கோப்பு; 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணோடு முறையான தரமாக ஆனது.

ஏன் இது தேவை என்பதற்கு ஆயத்த ஆடைக் கடைத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 8 நிறம், 5 அளவு, 6 விலை வரம்பு, 4 வகை வரிசைப்படுத்தல். முதல் மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் தேர்வு செய்யலாம் அல்லது விட்டுவிடலாம், வரிசைப்படுத்தல் மட்டும் எப்போதும் ஒன்று இருக்கும் என்றால் 9 × 6 × 7 × 4 = 1,512 முகவரிகள். நாற்பது பிரிவுக்கு 60,480. இதுவே பரவாயில்லை. நிறத்திலும் அளவிலும் பல தேர்வு அனுமதித்தால் நிறத்துக்கு 256, அளவுக்கு 32 சேர்க்கைகள். ஒரே பிரிவுக்கு 2,29,376 முகவரிகள். முதலில் நிறத்தைச் சொடுக்கி அடுத்து அளவைச் சொடுக்கினால் ஒரு முகவரி, மாற்றிச் சொடுக்கினால் வேறு முகவரி என்று நிரல் எழுதியிருந்தால் இன்னும் பல மடங்கு. கடையில் இருப்பதோ ஆயிரம் சட்டை.

தடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: இவற்றில் எதை மக்கள் உண்மையில் தேடுகிறார்கள்? "சிவப்பு நிறப் பட்டுச் சட்டை" என்று தேடுவார்கள். "சிவப்பு, நாற்பது அளவு, ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய், விலை இறங்குவரிசை" என்று யாரும் தேடப்போவதில்லை. தேடப்படும் ஃபில்டரை /சட்டை/சிவப்பு/ என்று தனிப் பாதையாக்கி, தலைப்பும் இரண்டு வரி விவரமும் கொடுத்துத் திறந்து வையுங்கள். மற்றவை எல்லாம் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் போகட்டும். இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்துவிட்டால் ரோபாட்ஸ் கோப்பு நாலைந்து வரியில் முடிந்துவிடும்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலோ: /*?சார்ட்=
டிஸ்அலோ: /*&சார்ட்=
டிஸ்அலோ: /*?பிரைஸ்=
டிஸ்அலோ: /*&பிரைஸ்=

யூசர்-ஏஜென்ட் வரி எந்தக் க்ராலருக்கான விதி என்று சொல்கிறது, நட்சத்திரம் என்றால் எல்லாவற்றுக்கும்; பாதையில் வரும் நட்சத்திரம் எந்த எழுத்துத் தொடருக்கும் பொருந்தும். சார்ட்டுக்கு ஏன் இரண்டு வரி? கேள்விக்குறிக்கு அடுத்து அது முதலாகவும் வரலாம், ஆம்பர்சாண்ட் குறிக்குப் பின் நடுவிலும் வரலாம். சோம்பலில் /*?*சார்ட்= என்று ஒரே வரியாக எழுதினால் "ரிசார்ட்=" என்ற அளவுருவையும் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பெயர்) அது சேர்த்து விழுங்கிவிடும். சுற்றுலாத் தளம் என்றால் விஷயம் அவ்வளவுதான்.

இந்தக் கோப்பில் தடுக்கி விழும் இடங்கள் பல. முன்னொட்டாகப் பொருத்துவதுதான் இதன் இயல்பு. /போ என்று எழுதினால் /போ/ மட்டுமல்ல, /போட்டி/, /போக்குவரத்து/ இரண்டும் மூடப்படும். கடைசியில் சாய்கோடு போட வேண்டும். பாதையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. டாலர் குறி முகவரியின் முடிவைக் குறிக்கும். டிஸ்அலோவும் அலோவும் மோதினால் கூகுளில் நீளமான விதி ஜெயிக்கும், நீளம் சமமானால் அலோ ஜெயிக்கும். எந்த வரி மேலே, எது கீழே என்பதற்கு மதிப்பில்லை. ஒரு கோப்பு ஒரு ஹோஸ்டுக்கு மட்டும்தான். கடை என்று தொடங்கும் துணைக்களத்துக்குத் தனிக் கோப்பு வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது குழு விதி. யூசர்-ஏஜென்ட் நட்சத்திரக் குறியின் கீழ் இருபது தடை எழுதியிருப்பார்கள். பிறகு ஒருநாள் யூசர்-ஏஜென்ட் கூகுள்பாட் என்று தனிக் குழு தொடங்கி ஒரே ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த நொடியிலிருந்து கூகுள்பாட் தன் பெயர் போட்ட குழுவை மட்டும்தான் படிக்கும், இருபது தடையும் அதற்கு இல்லாததாகிவிடும். தனிக் குழு வேண்டுமென்றால் பொதுத் தடைகளை அதற்குள்ளும் மறுபடி எழுதியாக வேண்டும். இதற்கு நேரெதிர் ஆட்ஸ்பாட்: கூகுளின் விளம்பரப் பாட் நட்சத்திரக் குழுவைக் கண்டுகொள்ளாது, பெயர் சொல்லித் தடுத்தால்தான் நிற்கும்.

தமிழ் முகவரி வைத்திருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பொறி உண்டு. கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமித்தால் டிஸ்அலோ வரியில் தமிழிலேயே பாதை எழுதலாம், சதவீதக் குறி வடிவிலும் எழுதலாம், இரண்டும் ஒன்றாகவே பொருந்தும். தமிழ்க் குறியெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், சதவீத வடிவில் ஒன்பது எழுத்து. "புடவை" என்ற சொல்லே 45 எழுத்தாக நீளும் என்பதால் தமிழில் எழுதுவதே கண்ணுக்கு நல்லது. பொறி எங்கே என்றால், "கொலு" என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பைட் அளவில் வேறு வேறு. முகவரி ஒரு விசைப்பலகையில் உருவாகி, தடை வேறொன்றில் தட்டப்பட்டால் விதி பொருந்தாமல் போகலாம். எத்தனை முறை பார்த்தாலும் காரணம் பிடிபடாது. எனவே தமிழ்ப் பாதையைக் கையால் தட்டாதீர்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்தோ சர்வர் லாகிலிருந்தோ நகலெடுத்து ஒட்டுங்கள்.

கோப்பை மாற்றியதும் பலன் உடனே தெரியாது. கூகுள் ரோபாட்ஸ் கோப்பை 24 மணி நேரம் வரை சேமித்து வைத்துக்கொள்ளும். செர்ச் கன்சோலின் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவி) அமைப்புகளில் உள்ள ரோபாட்ஸ் அறிக்கையில் மறுபடி படிக்கக் கோரலாம். கோப்பின் அளவு 500 கிலோபைட்டைத் தாண்டினால் மீதி படிக்கப்படாது. அந்த அளவுக்குப் போனால் விதியை எழுதும் முறையிலேயே ஏதோ பிசகு. இன்னொரு விசித்திரம்: உங்கள் ஃபயர்வால் ரோபாட்ஸ் கோப்பைக் கேட்கும் க்ராலருக்கு 403 (அனுமதி இல்லை) காட்டினால், கூகுள் அதைக் "கோப்பே இல்லை, எல்லாம் திறந்திருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். 500, 503 போன்றவை வந்தால் தலைகீழாக, முழுத் தளமும் மூடியதாகக் கருதிக் க்ராலிங்கை நிறுத்திவைக்கும். ரோபாட்ஸ் கோப்பு எப்போதும் 200 (சரி) தர வேண்டும் என்பதை மானிட்டரிங்கில் சேர்த்துவிடுவது நல்லது.

தடுத்த பக்கம் தேடலில் வருகிறதே

வரும். டிஸ்அலோ என்பது "படிக்காதே" என்பது மட்டும்தான். வேறு யாராவது அந்த முகவரிக்கு லிங்க் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கூகுள் முகவரியை மட்டும் பட்டியலில் காட்டலாம். செர்ச் கன்சோலில் "ரோபாட்ஸ் தடுத்திருந்தும் இண்டெக்ஸ் ஆனது" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வருவது இதற்குத்தான்.

அதைப் பார்த்துப் பதறி அந்தப் பக்கத்தில் நோஇண்டெக்ஸ் போடுகிறார்கள். பலனில்லை. பக்கத்தைத் திறந்தால்தான் நோஇண்டெக்ஸைப் படிக்க முடியும், திறக்கவிடாமல் நீங்களே டிஸ்அலோ போட்டிருக்கிறீர்கள். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழைய வழக்கத்தை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஆதரிப்பதில்லை. அங்கே நோஃபாலோ, க்ரால்-டிலே வரிகளும் கூகுளிடம் செல்லாது. பிங் க்ரால்-டிலேயை மதிக்கும்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் டிஸ்அலோவை எடுங்கள். பக்கத்தில் நோஇண்டெக்ஸ் போடுங்கள். பாட் வந்து படித்து, பக்கம் பட்டியலிலிருந்து விழும் வரை காத்திருங்கள். பெரிய தளத்தில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பின்னும் க்ரால் சுமை தாங்கவில்லை என்றால் மட்டும் டிஸ்அலோவைத் திரும்பப் போடுங்கள். ஃபில்டர் பக்கங்களைப் பொறுத்தவரை என் தேர்வு எப்போதும் நேரடி டிஸ்அலோதான். வெற்று முகவரியாக ஒன்றிரண்டு பட்டியலில் தங்கினால் தங்கட்டும். இரண்டு லட்சம் பக்கத்தையும் திறந்து "நோஇண்டெக்ஸ்" என்று படித்துவிட்டுப் போக அனுமதிப்பது சர்வருக்கு எந்த ஓய்வையும் தராது. கெனானிக்கல் டேக்கும் (ஒரே உள்ளடக்கத்தின் பல முகவரிகளில் முதன்மையானது எது என்று சொல்வது) இதே வகை: அதைப் பார்க்கவே பாட் பக்கத்துக்குள் வர வேண்டும்.

ஒரு எதிர்பார்ப்பையும் இங்கே குறைத்துக்கொள்வது நல்லது. ஃபில்டரை அடைத்தால் மிச்சமாகும் க்ராலிங் முழுவதும் நல்ல பக்கங்களுக்குத் திரும்பும் என்பார்கள். உங்கள் சர்வரின் தாங்குதிறன்தான் இதுவரை முட்டுக்கட்டையாக இருந்தது என்றால் திரும்பும். இல்லையென்றால் கூகுள் அவ்வளவு அளவைக் குறைத்துக்கொண்டு போய்விடும்.

லிங்க்கே இல்லாமல் செய்வது

என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி, பெரும்பாலோர் கடைசியாகப் பார்க்கிறார்கள். கூகுள் உறுதியாகப் பின்தொடர்வது ஹெச்ரெஃப் (லிங்க்கின் இலக்கு முகவரி) உள்ள ஏ டேக்கை. பட்டனை அது அழுத்திப் பார்ப்பதில்லை. எனவே வரிசைப்படுத்தும் வசதியை ஏ டேக்காக எழுதாமல், உண்மையான பட்டனாக எழுதி ஜாவாஸ்கிரிப்டால் பட்டியலை மாற்றுங்கள். தேர்வை முகவரியில் நினைவு வைக்க வேண்டுமா? ஹேஷ் குறிக்குப் பின்னால் வையுங்கள். ஹேஷுக்குப் பின் வருவது சர்வருக்கே போகாது. கூகுளும் அதைத் தனி முகவரியாகக் கருதுவதில்லை. வாடிக்கையாளர் அந்த லிங்க்கை நண்பருக்கு அனுப்பினாலும் வேலை செய்யும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஸ்கிரிப்டுக்குள் முழு முகவரியை எழுத்துச்சரமாக விட்டுவைத்தால் கூகுள் அதையும் முகவரி போலிருக்கிறதே என்று எடுத்து முயன்று பார்க்கலாம். டேட்டா பண்புகளிலும் அப்படியே. முகவரியைத் துண்டுகளாக வைத்துச் சொடுக்கும்போது சேர்ப்பது பாதுகாப்பு. இரண்டாவது, பட்டியல் வரும் ஏபிஐ பாதையை (பக்கத்துக்குத் தரவு தரும் சர்வர் முகவரி) ரோபாட்ஸில் அடைத்துவிடாதீர்கள். பக்கத்தின் முதல் பட்டியலும் அதே ஏபிஐயிலிருந்துதான் வருகிறது என்றால், கூகுள் பக்கத்தை வரைந்து பார்க்கும்போது வெறும் சட்டகம்தான் தெரியும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் அடைவுகளைத் தடுப்பதும் இதே விளைவைத் தரும்.

படிவங்களில் கெட் முறையை (நிரப்பியது முகவரியிலேயே போகும் முறை) நம்ப வேண்டாம். கெட் படிவங்களைத் தானே நிரப்பிப் பார்க்கும் முயற்சியைக் கூகுள் 2008லேயே அறிவித்தது. போஸ்ட் (நிரப்பியதை முகவரியில் வைக்காமல் தனியே அனுப்பும் முறை) அப்படியில்லை.

செயல் செய்யும் லிங்க்குகளுக்கு இது மீற முடியாத விதி. "அழி", "கூடையில் சேர்", "வெளியேறு", "வாக்களி" எல்லாம் சாதாரண கெட் லிங்க்காக இருக்கக் கூடாது. 2005இல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற கருவி வெளியானது. பயனர் பார்க்கும் பக்கத்திலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து வைத்து வேகம் கூட்டுவது அதன் உத்தி. லாகின் செய்த பயனரின் பக்கத்தில் இருந்த "அழி" லிங்க்குகளையும் அது விடாமல் திறந்தது. தரவு போனவர்கள் கருவியைத் திட்டினார்கள். ஆனால் கெட் கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்று ஹெச்டிடிபி தரத்தில் முன்பே இருந்தது. இங்கே நோஃபாலோவோ ரோபாட்ஸோ பரிகாரம் ஆகாது. போஸ்ட் படிவம், அதனுள் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று உறுதி செய்யும் இரகசியக் குறி), இவ்வளவுதான் தீர்வு.

முடிவில்லாத லிங்க்குகள் இன்னொரு வகை. நிகழ்ச்சி நாட்காட்டியில் "அடுத்த மாதம்" லிங்க் 2190ஆம் ஆண்டுக்கும் பக்கம் தரும். பாட் சலிக்காமல் போய்க்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி எதுவும் இல்லாத எல்லையைத் தாண்டியதும் லிங்க்கை நிறுத்துங்கள், நேராக முகவரியில் கேட்டாலும் 404 (பக்கம் இல்லை) கொடுங்கள். பொருளே இல்லாத ஃபில்டர் சேர்க்கைக்கும் 404தான் சரி. "எதுவும் கிடைக்கவில்லை" என்று எழுதி 200 கொடுத்தால் பாட் அதையும் ஒரு பக்கமாக எண்ணும்.

சார்புப் பாதைப் பிழை கண்டுபிடிக்கக் கடினம், திருத்துவது மிகச் சுலபம். ஹெச்ரெஃபில் "/தொடர்பு/" என்று எழுத வேண்டியதில் முதல் சாய்கோடு விட்டுப்போய் "தொடர்பு/" என்று ஆகியிருக்கும். சர்வர் எந்தப் பாதைக்கும் 200 தரும்படி அமைக்கப்பட்டிருந்தால் /தொடர்பு/தொடர்பு/தொடர்பு/ என்று முகவரி வளர்ந்துகொண்டே போகும். லாகில் ஒரே சொல் அடுக்கடுக்காகத் தெரிந்தால் இதுதான். ஒரு சாய்கோடு சேர்ப்பதும், இல்லாத பாதைக்கு 404 தருவதும் போதும்.

அஃபிலியேட் லிங்க் (விற்பனைக்குக் கமிஷன் தரும் லிங்க்) வைப்பவர்கள் /போ/பொருள்-பெயர் என்று உள் முகவரி உருவாக்கி அங்கிருந்து வெளியே திருப்பிவிடுவார்கள். /போ/ அடைவுக்கு டிஸ்அலோ, லிங்க்கில் ஸ்பான்சர்ட், இரண்டும் இருக்கட்டும். திருப்பும் இலக்கை முகவரியிலேயே அளவுருவாக வாங்கும் நிரல் மட்டும் வேண்டாம். மோசடிக்காரர்கள் உங்கள் களப்பெயரைப் பயன்படுத்தித் தங்கள் தளத்துக்கு ஆளனுப்புவார்கள். இலக்குகளைச் சர்வரில் பட்டியலாக வைத்து, பட்டியலில் இல்லாததற்கு 404 கொடுக்க வேண்டும்.

லாகில் பார்ப்பது

எதையும் மாற்றும் முன் ஏழு நாள் அக்சஸ் லாகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள்பாட் என்று பெயர் சொல்லும் எல்லாமே கூகுள்பாட் இல்லை. அந்த ஐபியைத் தலைகீழ் டிஎன்எஸ்ஸில் தேடினால் கூகுள்பாட்.காம், கூகுள்.காம், கூகுள்யூசர்கன்டென்ட்.காம் ஆகியவற்றில் ஒன்றில் முடியும் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி வர வேண்டும். கூகுள் வெளியிடும் ஐபி பட்டியலோடு ஒப்பிடுவது இன்னும் விரைவு. போலிகளைக் கழித்த பிறகு, கேள்விக்குறி உள்ள கோரிக்கைகளை மட்டும் பிரித்து, அளவுருவின் பெயர் வாரியாக எண்ணுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு அளவுருக்களே பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் தளத்தில் அது "பதிலளி" லிங்க்கில் வரும் ரிப்ளைடுகாம் ஆக இருப்பதுண்டு. அந்த லிங்க்கில் நோஃபாலோ இருந்தாலும் வரும். ரோபாட்ஸில் ஒரு வரி போட்டால் அடங்கும்.

மாற்றிய பின் செர்ச் கன்சோலின் க்ரால் புள்ளிவிவர அறிக்கையை இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். "ரோபாட்ஸால் தடுக்கப்பட்டது" எண்ணிக்கை குபீரென்று ஏறும், அதைத்தானே கேட்டோம். ஏறக்கூடாத பக்கம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முக்கியமான பத்துப் பதினைந்து முகவரிகளை யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் ஒவ்வொன்றாகப் போட்டு, "க்ராலிங் அனுமதி" என்பதற்கு நேரே ஆம் என்று வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சர்வர் இப்போதே மூச்சுத் திணறுகிறது என்றால் க்ராலருக்கு 503 அல்லது 429 ("இப்போது முடியாது, பிறகு வா" என்ற பொருளில்) கொடுக்கலாம், கூகுள் வேகத்தைக் குறைக்கும். ஓரிரு நாளுக்கு மேல் நீட்டினால் பக்கங்கள் பட்டியலிலிருந்து விழத் தொடங்கும். க்ரால் வேகத்தைக் குறைக்கச் செர்ச் கன்சோலில் இருந்த கருவியை 2024 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படும் தரவைத் திரட்டும் க்ராலர்களுக்கும் ரோபாட்ஸ் கோப்புதான் வாசல்: ஜிபிடிபாட், சிசிபாட், கிளாட்பாட் என்று பெயர் சொல்லித் தனிக் குழு எழுத வேண்டும். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பது 2023இல் வந்த அடையாளச் சொல் மட்டுமே, அந்தப் பெயரில் எந்தக் க்ராலரும் லாகில் தென்படாது. வருவது வழக்கமான கூகுள் பாட்தான். ரோபாட்ஸ் கோப்பை மதிக்காத க்ராலர்களை ஐபி வாரியாகவோ வேக வரம்பு போட்டோ சர்வரில்தான் நிறுத்த முடியும். இரகசிய அடைவின் பெயரை டிஸ்அலோவில் எழுதுவது, யாரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பில் அதை விளம்பரம் செய்வதாகத்தான் முடியும்.

அதனால் சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போடுங்கள். டிஸ்அலோ: / என்ற ஒற்றை வரியை நம்பி வைத்த சோதனைத் தளம், புதுத் தளம் வெளியாகும் நாளில் அந்த வரியோடேயே உண்மைத் தளத்துக்கு நகலாகிவிடும். வேர்ட்பிரஸில் இதற்கு ஈடு, அமைப்புகளின் வாசிப்புப் பகுதியில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் டிக் பெட்டி, 5.3 பதிப்பிலிருந்து அது ரோபாட்ஸ் கோப்பைத் தொடாமல் பக்கத்துக்குப் பக்கம் நோஇண்டெக்ஸ், நோஃபாலோ மெட்டா டேக்கை இடுகிறது. ஆகவே வெளியீட்டு நாளில் ரோபாட்ஸ் கோப்பை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், முகப்புப் பக்கத்தின் மூலநிரலில் "நோஇண்டெக்ஸ்" என்ற சொல்லையும், சர்வர் ஹெடரில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக்கையும் தேடிப் பாருங்கள்.